சின்னையா அண்ணன் மாற்றிச் சொன்ன ஜெர்மன் படம்

படவண்டி சின்னையா அண்ணன் போய்விட்டார். காலையில் ஈப்போவிலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதைத் தட்டுகிறாள்.

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுகளில் பால்மரம் வெட்டியவர்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். மாதம் ஒருமுறை வேனில் மெஷினோடு வருவார். திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார். மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வதும் அவர்தான்.

மூங்கில் நட்டுத் துணி கட்டுவது என் வேலை. அப்போது எனக்கு இருபது வயது.

ஒருமுறை ஜெர்மன் படம் வந்தது. சண்டைக் காலத்துக் குடும்பம். அண்ணன் பட்டாளத்துக்குப் போகிறான். தம்பி மாட்டேன் என்று ஓடி ஒளிகிறான். அப்பன் யாரோடும் பேசுவதில்லை...

ஜெர்மன் பேர் யார் வாயிலும் நுழையாது. அதனால் அவர் வைத்த பேர்தான்: அண்ணன் முனியாண்டி, தம்பி வேலு, முனியாண்டி பெண்டாட்டி அஞ்சலை.

எங்கள் லயத்து வரிசை வீட்டு அஞ்சலை அக்கா எழுந்து கத்தினார். "ஏன்ணே, நான் எப்ப கவுன் போட்டேன்?"

"போட்டுப் பாரு லா, ஒம் புருசனும் பட்டாளத்துக்கு ஓடிருவான்!" சின்னையா அண்ணன் மைக்கிலேயே சொன்னார்.

திடலே சிரித்தது. என் அம்மாவும் சிரித்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப்போனான். திரும்பவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. இருபது வருஷம் அம்மா குங்குமத்தை விடவில்லை. படையல் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

படத்தில் அஞ்சலைக்குக் கடுதாசி வந்தது. அதே படத்தை நாலைந்து எஸ்டேட்டில் ஓட்டியவர் சின்னையா அண்ணன். கடுதாசியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மைக்கோடு அவர் திடலைப் பார்த்தார். முன்னால் பாயில் அம்மா.

"முனியாண்டி... வந்துக்கிட்டு இருக்கானாம்."

துணியில் அந்தப் பெண் தரையில் விழுந்து அழுகிறாள்.

"வர்றவனுக்கு ஏன்ணே இப்படி அழுவுறா?" யாரோ கேட்டார்கள்.

"சந்தோசத்துல அழுவுறா லா! வாய மூடிக்கிட்டு படத்தப் பாரு!"

அடுத்த காட்சியில் அவள் கறுப்பு கவுனில் வந்தாள், வெள்ளைக்காரர்கள் துக்கத்துக்குப் போடுவது. மெஷின் நின்றது.

"பிலிம் அறுந்துருச்சு. அவ்ளோதான், வீட்டுக்குப் போங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எதுவும் அறுந்திருக்கவில்லை...

துணியை மடிக்கும்போது அம்மா சின்னையா அண்ணனிடம் வந்தார்.

"தம்பி, அவன் செத்துட்டான்தானே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த எஸ்டேட்டுல சரியாச் சொல்லிரு தம்பி. எத்தனை வருசம் அவ வாசலப் பாத்துக்கிட்டே இருப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல்முறையாக அப்பாவுக்குப் படையல் இலை போட்டார். அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. சின்னையாவைக் கூட்டி வா என்று என்னை அனுப்பினார்.

சைக்கிளில் வந்தார். படைத்த பிறகு சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"குழம்புல உப்பு பத்தலையா தம்பி?"

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா."

அம்மா போன பிறகும் வருஷா வருஷம் அந்த நாளில் வந்தார். போன வருஷம் மகள் காரில் கொண்டுவந்து விட்டாள். அவரால் கருவாட்டை மெல்ல முடியவில்லை. குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார்...

இந்த வருஷம் ரெண்டு இலை அண்ணே, அப்பா இலைக்குப் பக்கத்தில் உங்களுக்கு. அதே கருவாட்டுக் குழம்புதான்.

மெதுவா வாங்க.