சாம்பல் மனிதனின் மனைவி பற்றி ஜெனி சொன்னது

எபினேசரைக் கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டை வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே ஜெனிக்கு ஒன்று புரிந்துபோயிற்று. படுக்கையறையில் இருந்த இரண்டு பீரோக்களில் ஒன்றின் மீது அவளுக்கு எந்த உரிமையும் கிடையாது. அதைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை மூக்கைத் துளைக்கும். உள்ளே மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் காமிக்ஸ் புத்தகங்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில்.

"பட்டுப்பொடவைய டிரங்குப் பொட்டில மடிச்சி வெக்கறேன். இதுக்கு ஒரு பீரோவாய்யா?" என்றாள்.

"பொடவைய மறுபடியும் வாங்கிக்கலாம். இதையெல்லாம் இப்ப யார் அச்சடிக்கிறா?" என்றான் எபினேசர். அவன் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஜெனி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அவள் எண்ணூர்ப் பெண். அவளுடைய நைனா ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொதிகலன் சாம்பல் அள்ளும் வேலை பார்த்தவர். புருவம், காதுமடல், சட்டைக் காலர் என்று எல்லாவற்றிலும் சாம்பலோடு வீடு திரும்புவார். கொடியில் காயும் துணியை உதறாமல் எடுக்க முடியாத ஊர் அது. எபினேசரின் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து, கன்டெய்னர் லாரிகள் போகிற நெடுஞ்சாலையில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை போட்டவர். கடை இப்போது எபினேசருடையது. கல்யாணமான மூன்றாம் மாதம், தார்ப்பாய் ஓரங்களில் பித்தளை வளையம் அடிக்கிற இயந்திரத்தை ஜெனி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எபினேசர் அடித்தால் வளையம் கோணலாக விழும். அவள் அடித்தது புயலில்கூடப் பிய்யாது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள்.

காமிக்ஸ் விஷயத்தில் அவளுக்கு நாட்டம் இல்லையே தவிர, அதிலிருந்து எடுத்த படங்கள் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். தமிழில் டப்பிங் ஆகி வருகிற சூப்பர்ஹீரோ படம் எதையும் இருவரும் விட்டதில்லை. பிடிக்கும் காரணம் கேட்டால், "மூணு மணி நேரம் ஏசி. பெரிய பெரிய கட்டடமா இடிஞ்சி வியுது. ஒருத்தனும் என்னைக் கூப்ட்டு கூட்டச் சொல்லல," என்பாள். எபினேசருக்கோ படம் ஓடும்போது வாய் சும்மா இருக்காது. புத்தகத்தில் இவனுக்கு முகமூடி கிடையாது, புத்தகத்தில் இந்தச் சண்டை பாலத்தில் நடக்கும், புத்தகத்தில் வில்லன் கடைசியில் திருந்துவான் என்று காதோரம் சொல்லிக்கொண்டே வருவான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஜெனி அவன் வாயில் பாப்கார்னைத் திணிப்பாள்.

அவனைப் போலவே இன்னும் சிலர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். அவர்களில் வண்ணாரப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உபைதுல்லா எபினேசரின் உயிர்த் தோஸ்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சவரிநாதன், வயதில் எல்லோருக்கும் மூத்தவர். எந்தப் படம் வந்தாலும் மூவரும் அதைப் பிரித்து மேய்வார்கள். அப்புறம் வாட்ஸப் குழுவில் வாரம் முழுக்க மிச்சச் சண்டை நடக்கும்.

அவர்கள் எல்லோருக்கும் பொதுவான தெய்வம் ஒருவன் உண்டு. பெயர் சாம்பல் மனிதன். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுக நகரத்தில் கொதிகலன் தொழிலாளியாக இருந்தவன், தீயில் வெந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலே உடம்பாக எழுந்து வருவான். நினைத்தால் காற்றில் கரைவான், நினைத்தால் கூடுவான். அவன் கதைகள் தமிழில் மலிவான மட்டித் தாளில் வந்த காலத்தில் எபினேசர் பள்ளி மாணவன். அந்த வரிசை முழுவதும் பீரோவின் நடுத்தட்டில் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்பு, சாம்பல் மனிதனைப் படமாக எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. எபினேசர் அன்று கடையில் மூன்று பேருக்குத் தப்பான கயிற்றை வெட்டிக் கொடுத்தான். ஆனால் டிரைலர் வந்ததும் டீக்கடையில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"சாம்பல்னா பறக்கணும் மாமு. இது இன்னாடான்னா பெயின்ட் அடிச்ச தார் டிரம்மு மாரி நடந்துகினு வரான்," என்றார் உபைதுல்லா.

"ஆளையே மாத்திட்டானுவ. கொதிகலன் தொழிலாளிய விஞ்ஞானி ஆக்கிட்டானுவ. கோட்டு சூட்டு வேற," என்றான் எபினேசர்.

சவரிநாதன் மட்டும், "பாத்துட்டுப் பேசலாம்ப்பா," என்றார்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை கடைக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு எல்லோருமாகத் திருவொற்றியூர் தியேட்டருக்குப் போனார்கள். ஜெனியும் போனாள். சாம்பல் மனிதன் அவளுக்குப் புதியவன். தவிர, ஆலைகளும் புகைபோக்கிகளும் வருகிற முதல் காட்சியிலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். எண்ணூரைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தது போல இருந்தது. பாதிப் படத்துக்குமேல், தீப்பிடித்த ஆலைக்குள் சாம்பல் மனிதன் மாட்டிக்கொள்ள, அவன் மனைவி ஹெலன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தானே உள்ளே இறங்குகிறாள். சிதறிக் கிடந்த அவன் சாம்பலை இரண்டு கையாலும் கூட்டி அள்ளுகிறாள். ஜெனி பாப்கார்னைக் கீழே வைத்தாள். பக்கத்தில் எபினேசர், "புக்குல இவ வீட்ட வுட்டே வெளிய வரமாட்டா," என்று முணுமுணுத்தான். ஜெனி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

வெளியே வந்தபோது, வாசலில் லுப்னா என்ற பெண் மைக்கோடு நின்றுகொண்டிருந்தாள். வடசென்னைத் தியேட்டர்களில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு இணையத்தில் போடுகிறவள். எபினேசர் முதலில் பேசினான். சாம்பல் மனிதனின் ஆன்மாவையே கொன்றுவிட்டார்கள், ஹெலன் என்றால் காத்திருப்பு, அவள் ஜன்னலோரம் நிற்பதுதான் கதையின் உயிர் என்று மூச்சுவிடாமல் சொன்னான். உபைதுல்லா தலையை ஆட்டினார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க," என்று லுப்னா மைக்கை ஜெனி பக்கம் நீட்டினாள்.

ஜெனி ஒதுங்கப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, சொன்னாள்: "எனக்குப் புட்ச்சிது. நான் எண்ணூரு. எங்க நைனா சாம்பல் அள்ற வேலை செஞ்சாரு. ஒருநா ஆலைச் சங்கு ஊதுச்சி. எவனோ உள்ள மாட்டிக்கினான்னு பேச்சு. எங்கம்மா அடுப்புல ஒலைய வெச்சது வெச்சபடி, கால்ல செருப்பு இல்லாம ஓடுச்சி. அல்லாப் பொம்பளைங்களும் ஓடுனாங்க. சங்கு ஊதுனா எங்க ஏரியால எவளும் ஜன்னல்ல நிக்க மாட்டா. கேட்டுக்குத்தான் ஓடுவா. படம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிகீது."

"உங்க நைனாவுக்கு என்ன ஆச்சு அக்கா?"

"இன்னா ஆவும்? லாரிக்கு அடில படுத்துத் தூங்கிகினு இருந்தாரு. பொரளிதான் அது. எங்கம்மா எய்ப்பி முதுகுல ரெண்டு வெச்சிது. அப்பால டீ வாங்கிக் குடுத்துது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எபினேசருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றிவந்தபோது அவன் சிரிக்கவில்லை. அவன் பேசியதை லுப்னா வெட்டிச் சுருக்கி, ஜெனி பேசியதை முழுசாகப் போட்டிருந்தாள். கீழே ஆயிரம் பேர் எழுதினார்கள். பாதிப் பேர் அக்கா சொன்னதுதான் சரி என்றார்கள். மீதிப் பேர், புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் கருத்துச் சொல்ல வந்துவிட்டாள் என்று ஏசினார்கள். அதெல்லாம் ஜெனியை ஒன்றும் செய்யவில்லை. முகம் தெரியாதவன் பேச்சு, காற்றோடு போகும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு உறைத்தது எபினேசரின் போனில் பார்த்தது. வாட்ஸப் குழுவில் உபைதுல்லா, "அண்ணி நல்லாத்தான் பேசுனாங்க. ஆனா புக்கு படிச்சிருந்தா இப்டி பேச மாட்டாங்க," என்று எழுதியிருந்தார். அதன் கீழே எபினேசர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான்.

அன்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஜெனி கேட்டாள்: "பீரோ சாவி எங்க?"

"எதுக்கு?"

"படிக்கப் போறேன். படிச்சிட்டு வந்து அதையேதான் சொல்லுவேன். அப்ப நீ வெரலு எந்தப் பக்கம் காட்டறன்னு பாக்கறேன்."

எபினேசர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான். கை கழுவிவிட்டுத் தொடும்படி மட்டும் கேட்டுக்கொண்டான்.

மத்தியானங்களில் கடையில் கூட்டம் இருக்காது. தார்ப்பாய்ச் சுருளின் மேல் உட்கார்ந்து ஜெனி சாம்பல் மனிதனை வரிசையாகப் படித்தாள். முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தாள். ஹெலன் ஜன்னலில் நிற்கிற படம் வரும்போதெல்லாம், "தோ, நிக்கிறா பாரு," என்று எபினேசருக்குக் கேட்கும்படி சொல்வாள். பத்துப் பதினைந்து புத்தகங்கள் தாண்டியதும் அந்தக் குரல் நின்றுபோனது. லாரிக்காரர் வந்து கூப்பிட்டால்கூட, "இருப்பா, பாலத்தாண்ட வந்துட்டான்," என்று சொல்ல ஆரம்பித்தாள்.

வரிசையின் நடுவில் ஒரு கதை. பனி கொட்டுகிற இரவில் பக்கத்து வீட்டுக்காரி ஹெலனிடம், ஜன்னலைச் சாத்து, குளிரில் செத்துப்போவாய் என்கிறாள். ஹெலன் சாத்த மறுக்கிறாள். ஊரில் அத்தனை வீடும் கதவடைத்திருக்கும்போது, கலைந்துபோன சாம்பல் காற்றோடு அலைந்து அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்து மறுபடி மனிதனாகக் கூடுகிறது. அவள் இரவெல்லாம், காற்று சாத்திவிடாதபடி, ஜன்னல் பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறாள். கை நீலம் பாரித்துப்போகிறது.

ஜெனி அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தாள். பிறகு எழுந்துபோய், கயிறு அளந்துகொண்டிருந்த எபினேசரின் முன்னால் புத்தகத்தைப் பிரித்து வைத்தாள்.

"அவ சும்மா நிக்கலய்யா."

"அதத்தானே இத்தன வருசமா சொல்லிட்டு இருக்கேன்."

"நீ எங்க சொன்ன? காத்திருப்பு, ஆன்மா, அது இதுன்னுதான் சொன்ன. பலகைய முட்டுக்குடுத்தான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ல."

எபினேசர் யோசித்தான். அப்படி ஒருபோதும் சொன்னதில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து மனசுக்குள் ஏதோ ஆனது, அதற்குப் பெரிய வார்த்தைகளைத்தான் தேடியிருக்கிறான். "அந்த வெரல நான் போட்டிருக்கக் கூடாது," என்றான் மெதுவாக.

"போட்டது போட்டாச்சி. கயித்த ஒயுங்கா அள," என்றாள் ஜெனி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் டீக்கடைக்குப் போனாள். சவரிநாதன் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஜெனி உபைதுல்லாவைப் பார்த்துச் சொன்னாள்:

"பாய், படிச்சிட்டேன். ஜன்னல் விசயத்துல நான் சொன்னது அரகொறதான். புக்குல அவ செய்யறதும் வேலதான், அத ஒத்துக்கறேன். ஆனா படத்துல அவ உள்ள எறங்குனது தப்புன்னு நீங்க சொல்றத ஒத்துக்க மாட்டேன். பனில பலகையப் புடிச்சவ, நெருப்புல எறங்க மாட்டாளா? ரெண்டும் ஒரே பொம்பளதான்."

உபைதுல்லா மிச்ச டீயைக் குடித்து முடித்தார். "கோட்டு சூட்டு?" என்றார்.

"அது கலீஜுதான். அதுல உங்க பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். எபினேசர் மட்டும் படத்தை மன்னிக்கவில்லை. விஞ்ஞானி ஆக்கியதை அவன் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் குழுவில் அவள் எண்ணைச் சேர்த்தது அவன்தான்.

அதற்கப்புறம் லுப்னா ஒவ்வொரு படத்துக்கும் ஜெனியைத் தேடிவர ஆரம்பித்தாள். எண்ணூர் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. கடைக்கு வருகிற ஓட்டுநர்களில் சிலர் கயிறு வாங்கிவிட்டு, "அக்கா, அடுத்த படம் தேறுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஜெனி சொல்வது எப்போதும் பலிக்காது. அருமையாக இருக்கும் என்று அவள் சொல்லி, மாதவரத்திலிருந்து குடும்பத்தோடு போன ஒருவர், திரும்பிவந்து அரைமணி நேரம் புலம்பினார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

இந்த வருடம் சாம்பல் மனிதனின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஹெலனுக்கும் சக்தி வந்து அவளும் வானத்தில் பறந்தாள். எபினேசருக்கு, ஆச்சரியமாக, பிடித்துவிட்டது. பழைய புத்தகங்களில் இருந்த பாலச் சண்டையை அப்படியே எடுத்திருந்தார்கள். ஜெனிக்குப் பிடிக்கவில்லை.

வரும் வழியில் ராயபுரத்தில் வண்டியை நிறுத்தி அத்தோ சாப்பிட்டார்கள். தட்டு நிறைய நூடுல்ஸும் முட்டைகோஸும், மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் வாழைத்தண்டு சூப்.

"பறக்கறதுல இன்னா கீது? சக்தி இருந்தா எவளும் பறப்பா," என்றாள் ஜெனி.

"அந்தப் பாலம் சீன் பாத்தியா, கட்டத்துக்குக் கட்டம் அப்படியே புக்கு."

"பாலம் நல்லாருந்துச்சி. அவளத்தான் கெடுத்துட்டானுங்க."

"ரெண்டாவது தடவ பாத்தா புடிக்கும்."

"நீ வேணா போ. நான் வரல."

எபினேசர் சிரித்தான். அவள் தட்டில் வெங்காயம் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி அவள் பக்கம் தள்ளினான். ஜெனி மென்றுகொண்டே, வில்லன் பாத்திரத்தில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவன் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.