நாற்காலி மிஸ்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நாற்காலி மிஸ் என்று பெயர். தற்காலிக ஆசிரியை. சேர்ந்தபோது 'அடுத்த வருஷம் நிரந்தரம்' என்றார்கள். மகள் கல்லூரிக்குப் போகிற வயதாகியும் அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்லை.

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் 'எவ்ரிபடி ஆர் ஹியர்' என்றே எழுதித் தொலைப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வாயில் 'எல்லாரும்' என்றால் 'வந்தார்கள்' தானே வரும்? ஒருநாள் அவள் தன் நாற்காலியைத் தூக்கி வகுப்பு நடுவில் போட்டாள். எவ்ரிபடி, சம்படி, நோபடி எல்லாம் நாற்காலி. ஒரே ஆள் உட்காருகிற இடம், 'இஸ்' போடு. மெனி, ஃபியூ, போத் எல்லாம் பெஞ்ச். 'ஆர்' போடு. வார்த்தை காதில் விழுந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய்த் தொடவேண்டும். மக்குப் பிளாஸ்திரி என்று பெயர் வாங்கியவன்கூடத் தப்பாமல் தொட்டான். இன்னொன்றும் பழக்கியிருந்தாள்: யார் என்ன கேட்டாலும் எழுந்து நின்று, ஒரே குரலில், முழு வாக்கியமாகப் பதில்.

அதிகாரி பார்வையிட வருகிறார், ஒரு நிரந்தர இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு மட்டும் உங்க வகுப்பை என் கொழுந்தியா எடுக்கட்டும்மா. புதுசா சேர்ந்தவ, ஒரு பேரு கெடைக்கட்டும். அடுத்த இடம் உங்களுக்குத்தான், நான் பொறுப்பு."

"சார், அது என் புள்ளைங்க சார்."

"யாரு இல்லேன்னா? கொஞ்சம் விட்டுக்குடுங்க. முரண்டு புடிச்சா இருக்கிறதும் போயிடும்."

வீட்டில் மகள் எரிந்து விழுந்தாள். "அந்தாளு உனக்கு நல்லா மொட்டையடிக்கிறாரும்மா."

"தெரியுதுடி. வேற என்ன பண்ணச் சொல்ற?"

மறுநாள் வகுப்பில் தன் வாயாலேயே சொன்னாள்: யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் புது மிஸ் என்று சொல்லவேண்டும். ஒரே குரலில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள்.

அதிகாரி வந்த அன்று அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். புது மிஸ் 'எவ்ரிபடி' என்று சொல்லிவிட்டுப் பெஞ்சைக் காட்டினாள். பிள்ளைகள் அந்தக் கையைச் சட்டை செய்யாமல் நாற்காலிக்கு ஓடினார்கள். பாவி மனசு, அவளுக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது.

அதிகாரிக்கு ஏதோ உறுத்தியது. "இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்தாங்க?"

வகுப்பே எழுந்து நின்றது. "எங்களுக்கு இதைப் புது மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க சார்."

"அவங்க வந்து எத்தனை நாளாச்சு?"

"மூணு மாசம் ஆச்சு சார். அதுக்கு முன்னாடி ஒரு தற்காலிக டீச்சர் எடுத்துக்கிட்டிருந்தாங்க," என்றார் தலைமையாசிரியர்.

"மூணே மாசத்துல இவ்வளவா? அப்ப இத்தனை வருஷமா இந்த வகுப்புல இருந்தவங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்தாங்க? அந்தத் தற்காலிக இடம் தெண்டம். எடுத்துடுங்க."

பொறுப்பு என்று சொன்ன மனுஷன் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிங்க சார்," என்று தலையாட்டினார்.

எல்லாரும் போனபின் அவள் பையை எடுக்க உள்ளே வந்தாள். மக்குப் பிளாஸ்திரி ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ், நீங்க சொன்ன மாதிரியே சொன்னோமா?"

"ஒரு எழுத்து பிசகல கண்ணு," என்றாள் அவள். நாற்காலியைத் தூக்கி மேசைக்குப் பின்னால் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.