ஊர் நெல்லில் வாங்கிய மைக் செட்

போன சனிக்கிழமை திருநின்றவூரில் என் பேத்தி படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம், மகளுக்குப் பதில் நான் போயிருந்தேன். மைதானத்துக்கு ஸ்பீக்கர் வாங்க வேண்டும், இருக்கிற பணத்தில் எதை வாங்கலாம் என்று பேச்சு. ஒருவர் படம் போட்ட தாளைச் சுற்றுக்கு விட்டார். நெட்டையான கறுப்புப் பெட்டிகள். பாட்டு இழைந்து வருமாம். எல்லோரும் தலையாட்டும்போது நான் எழுந்து, “பெட்டி வேணாங்க, குழாய் ஸ்பீக்கர் வாங்குங்க” என்றேன். என்றேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன் என்பதுதான் சரி. ஏன் என்று கேட்டார்கள். தாளை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதித்தாலே தெருமுனையில் போய் நிற்கிற பாட்டி என்று பேத்தியிடம் எனக்கு ஏற்கெனவே நல்ல பெயர். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

குற்றம் அந்த ஹாலில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் மேல். சூடேறும்போது அதிலிருந்து தூசி கருகுகிற வாசனை வந்தது. உங்களுக்கு அது வெறும் தூசி. எனக்கு அது கவரைப்பேட்டைப் பக்கம், அறுபதுகளின் கடைசி, என் அம்மா.

எங்கள் நைனா அங்கே நடுநிலைப் பள்ளியில் வாத்தியார். ஆந்திரா எல்லை பக்கமாதலால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நெல்வயல். வயலைத் தாண்டி ஓட்டுக் கட்டடம், கொடிக்கம்பம், ஒரு பெரிய புங்கமரம். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் எறும்பு மாதிரி தெரிவார்கள். அம்மாவுக்கு டீபி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தும், ஊரார் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். அதனால் அம்மா வெளியே போவதை விட்டுவிட்டாள். வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு அந்தப் பள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அக்காவும் எட்ட நின்றுதான் பேச வேண்டும். எட்ட நின்று பேசிப் பேசி எனக்குக் குரல் பெரிதாகிவிட்டது. கூட்டத்தில் கத்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாட அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்கா பெயர் சுகுணா, ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். வீட்டில் தினமும் பாடிக் காட்டினாள்தான். அது போதாது. சுகுணா என்று மைக்கில் கூப்பிட்டு, ஊரே கேட்க அவள் பாடுவதைத் தானும் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பள்ளியில் சொந்தமாக மைக் செட் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் பள்ளிக்கென்று ஒரு மரக்கால் தனியே எடுத்து வைப்பார்கள். அந்த நெல்லை விற்றுத்தான் பெஞ்சு, மணி, கூரை ஓடு எல்லாம். அந்த வருடம் மைக் செட் என்று முடிவாயிற்று. நிலமில்லாத எங்கள் வீட்டிலிருந்து நெல் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நைனா ஒரு நிமிடமும் மறக்கவில்லை.

ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வாங்கினால், குழாய் ஸ்பீக்கர் ஒன்றோ பெட்டி ஸ்பீக்கர் இரண்டோ, ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் மிஞ்சும். பெட்டி இனிமையாகப் பாடும், ஆனால் முன்வரிசையைத் தாண்டாது. குழாய் கரகரக்கும், ஆனால் வயல் தாண்டிப் போகும். நைனா குழாய்தான் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். திறந்தவெளி, கடல்காற்று, பக்கத்தில் ரயில் என்று காரணங்கள் அடுக்கினார். எல்லாம் உண்மையான காரணங்கள்.

பட்டணத்திலிருந்து கடைக்காரர் இரண்டையும் கொண்டுவந்து சோதித்துக் காட்டிய நாள், எனக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்தேன். லாரி பேட்டரி வைத்து, புங்கமரத்தில் முதலில் குழாயைக் கட்டினார்கள். திடீரென்று வயல் மேல் நைனாவின் குரல் வந்தது. ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“உங்க நைனாடீ. பக்கத்துல நின்னுக்கினு பேசற மாரி கேக்குது பாரு.”

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் எப்போது என்று தெரியவில்லை. மைக்கை அணைக்காமலே அங்கே பேச்சு தொடர்ந்தது. ஜவுளிக்கடைக்காரரின் குரல். பள்ளிக் கமிட்டிக்கு அவர்தான் பெரியவர். நல்ல மனுஷர், ஆனால் யாரையாவது கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“இன்னா வாத்தியாரே, நெல்லு போட்டது நாங்க, பாட்டு கேக்கறது மட்டும் உங்க ஊட்டம்மாவா?”

நாலைந்து பேர் சிரித்தது வயலைத் தாண்டி வந்தது. பிறகு நைனா, “அய்யய்யோ, அதுக்கில்லீங்க” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. டப்பென்று சத்தம் நின்றது.

அம்மா மெல்லப் படுத்துக்கொண்டாள். “நமக்குக் கேட்டுச்சின்னு நைனாகிட்ட சொல்லாத” என்றாள்.

சாயங்காலம் நைனா வந்தார். கைகால் கழுவிவிட்டு வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியே போதும் என்று தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு, “கொழா வச்சுப் பாத்தோம். இங்க எதனா கேட்டுதா?” என்றார்.

“ஒண்ணும் கேக்கலியே” என்றாள் அம்மா. “அது கெடக்குது. பெட்டிதான் பாக்க லட்சணம்.”

நைனா முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

விழாவன்று அம்மா தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கேட்காது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள். துணைக்கு நானும் இருந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. கொடிக்கம்பத்துப் பக்கம் கூட்டம் எழுந்து நின்றதும், பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம். அம்மா உதட்டுக்குள் கூடவே பாடினாள். இருமல் வந்து நடுவில் விட்டுவிட்டாள்.

அடுத்த அறுப்புக்கு அவள் இல்லை.

அந்த அறுப்பு நெல்லில் பள்ளி குழாய் வாங்கியது. திறந்தவெளியில் பெட்டி உதவவில்லை என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஜவுளிக்கடைக்காரரே பட்டணம் போய் வாங்கி வந்தார். நைனா ஏணியில் ஏறிக் கட்ட, அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். “உங்க ஊட்டுப் பக்கமா திருப்பிக் கட்டு வாத்தியாரே” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. நைனா கட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வீட்டு வாசலில் போய் நின்று, கேட்கிறதா பார்த்து வரச் சொன்னார்.

வரப்பில் ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. கட்டில் சுவரோரம் சாத்தியிருந்தது. ஹலோ, ஹலோ. நைனா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

திரும்பிப் போனதும் கேட்டார். “கேட்டுதா?”

“ஒண்ணும் கேக்கல நைனா” என்றேன், அம்மா அன்றைக்குச் சொன்ன மாதிரியே.

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்தபடியே நின்றார். ஜவுளிக்கடைக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கிப் போனார். அக்காவை அந்த வருடமும் பாடக் கூப்பிட்டார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வர ஆரம்பித்தன. வயல்கள் ஒவ்வொன்றாக மனையாயின. களத்தில் பள்ளிக்கு நெல் எடுத்து வைக்கிற வழக்கமும் களத்தோடு போயிற்று. நைனாவும் போய்விட்டார். எங்கள் வீடு இருந்த இடம் இப்போது ஒரு கம்பெனியின் கேட்.

கூட்டத்தில் கத்திவிட்டு வந்த மறு வேலைநாள், காலை ரயிலில் கிளம்பி அங்கே போனேன். ஏன் போனேன் என்று என் வீட்டுக்காரரிடம்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுக்கு எதிரே இன்னும் ஒரு காலி மனை இருக்கிறது, அதன் வழியாகப் பள்ளி தெரிகிறது. காலை வணக்க நேரம். பிள்ளைகள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். பள்ளிக்கு இப்போது மாடி வந்திருக்கிறது, அதில் நாலு புதுக் குழாய்கள், ஒன்று நேராக என்னைப் பார்த்து. என் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, லாரிகள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கையைக் கீழே விட்டதும்தான் பாட்டு முடிந்தது என்று தெரிந்தது.