சிலிண்டருக்கு எது வலது பக்கம்

ஓய்வு பெற்ற பிறகு என் மனைவி கோலப் போட்டிகளுக்கு நடுவராகப் போவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். முப்பது ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள், பாண்டிச்சேரிக்குப் போய் முக்குளிக்கக் கற்றுக்கொண்டாள். டாக்டரின் தகுதிச் சான்று, குளத்துப் பயிற்சி, கடல் பயிற்சி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ஒரே குறை, வாடகைக் கருவியில் மூச்சை இழுத்து இழுத்துத் தாடை வலிக்கிறதாம். பயிற்சியாளர் தன்னிடமிருந்த, சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் இரண்டு பழைய ரெகுலேட்டர்களையும், காற்றடைத்த ஒரு சிலிண்டரையும், அதை முதுகில் சுமக்கும் ஜாக்கெட்டையும் கொடுத்து, பிடித்த ரெகுலேட்டரை வைத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றைக் காரில் ஏற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல நெய்வேலிக்கு ஓட்டி வந்தேன்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறை விட்டால் அடைமழை வந்துவிடும். கடல் கலங்கினால் தெளிய மாசி ஆகும்.

"ரெகுலேட்டர் தேறலன்னா ஞாயித்துக்கிழமை கிடையாது," என்றேன்.

"தேறும்," என்றாள், பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

அனல்மின் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடங்கள் வேலை பார்த்தவன் நான். என் கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு வால்வும் திறக்கப்பட்டதில்லை என்று சொன்னால் மிகை. திறந்தவர்களுக்கு மெமோ போயிருக்கிறது. ஆகவே முதலில் இருபத்து மூன்று வரிகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தேன்.

ரெகுலேட்டரின் முதல் நிலை என்பது சிலிண்டரின் தலையில் மாட்டும் உலோகக் கட்டி. உள்ளே இருக்கும் இருநூறு பார் அழுத்தத்தை ஒன்பதரை பாருக்கு இறக்கி, குழாய்கள் வழியே அனுப்புவதுதான் அதன் வேலை. வாயில் கடிக்கும் பகுதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று, ரப்பர் சவ்வு வைத்த டயஃப்ரம் வகை: உப்புத்தண்ணீர் உள்ளே போகாது, உறுப்புகள் அதிகம், மின்னும் குரோமியம். மற்றது பிஸ்டன் வகை: அசைவது ஒரே ஒரு பிஸ்டன், கடல்நீர் தாராளமாக உள்ளே வந்து போகும், பார்க்கப் பழைய தண்ணீர்க் குழாய்போல இருந்தது. சோதிக்கும் முன்பே டயஃப்ரத்துக்கு நான் மனத்தில் ஒப்புதல் அளித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். டர்பைன் பராமரிப்பில் ஃபோர்மேனாக இருந்தவர்.

"இன்னா சார், வூட்டுக்குள்ளயே பிளான்ட் வெச்சிக்கினு கீறீங்க?"

டயஃப்ரத்தை மாட்டி, தாழ்ந்த அழுத்தக் குழாயில் கேஜைப் பொருத்தி, சிலிண்டரை மெதுவாகத் திறந்தேன். முள் ஒன்பதரையில் நின்றது. காற்றைச் சிலமுறை பீச்சிவிட்டுக் காத்திருந்தோம். பத்து. பத்தரை. பதினொன்று.

"உள்ள காத்த அடைக்கிற சீட்டு போச்சு சார். பளபளன்னு இருந்தா ஆச்சா?"

பிஸ்டன், அந்தப் பழைய தண்ணீர்க் குழாய், ஒன்பதரைக்கு வந்து அங்கேயே நின்றது. பத்து நிமிடம் முறைத்துப் பார்த்தோம், அசையவில்லை. குழாய்களைப் பட்டியல்படி பொருத்தினேன். வாய்க்குப் போவது வலத்தோள் மேலே, அழுத்தமானி இடப்பக்கம். பட்டியலில் டிக், டிக்.

"உக்காந்து மாட்டிப் பாரு," என்றேன்.

மனைவி சிலிண்டரோடு பிணைத்த ஜாக்கெட்டை அணிந்து நாற்காலியில் உட்கார்ந்து, வாய்ப்பகுதியைத் தேடி வலத்தோளுக்குப் பின்னால் கையை விட்டாள். அழுத்தமானி வந்தது. வாய்ப்பகுதி இடத்தோள் வழியே தலைகீழாக வந்து முகத்தில் இடித்தது.

"ஏங்க, இது யாரோட வலது?"

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "டீச்சர், சாரு பாய்லருக்கு எதிர்ல நின்னு பாத்துட்டாரு!"

உண்மைதான். எங்கள் நிலையத்தில் பாய்லருக்கு முன்னால் அதைப் பார்த்து நின்றால் எது நம் வலமோ, அதுவே பாய்லரின் வலம். யாரும் பாய்லரை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்ததில்லை என்பதால் இந்த ஏற்பாட்டில் இதுவரை சிக்கல் எழவில்லை.

கௌரவத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் தோன்றியது. "மாத்திப் பொருத்தினா எல்லா டெஸ்டும் முதல்லேர்ந்து பண்ணணும். அதான் முறை. வேணும்னா அடுத்த..."

"பண்ணுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

சிலிண்டரை மூடி, குழாய்களில் நின்ற காற்றை வெளியேற்றினாள். ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, சிலிண்டருக்குப் பின்னால் போய் நின்று, குழாய்களை அவளே இடம் மாற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர், என்னிடம் ஒருநாளும் காட்டாத பணிவோடு, கேட்டதை எடுத்துக் கொடுத்தார். இருபத்து மூன்று வரிகளையும் மறுபடி பார்த்தேன். குறை காண மிகுந்த முயற்சி எடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை பாண்டிச்சேரியில், பயிற்சியாளரும் ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்த பிறகு, படகின் விளிம்பிலிருந்து அவள் மல்லாந்து கடலுக்குள் விழுந்தாள். குமிழிகள் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகோட்டி நீட்டிய டீ ஆறிப்போனது.

முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தாள். படகில் ஏறி, முகமூடியைக் கழற்றியதும் சிரித்தாள்.

"மூச்சு இழுக்குறதே தெரியலங்க."

"கேஜ் எவ்ளோ காட்டுது?"

"எழுபது. மீன் எவ்ளோ பெருசுன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிய வேகத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.