காட்டுக்குப் போய் வந்த குரல்

நேற்று செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பில் ‘வனக் குளியல்’ முகாமாம். மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு விட்டால் மனம் லேசாகுமாம். மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க ஒருவர், மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிக்கொடுக்க இன்னொருவர். இத்தனை வயது வரை மூச்சு விடத் தெரியாமலா இந்த ஜனங்கள் வந்தார்கள்? படத்தில் வெள்ளை ஜிப்பா போட்ட பயிற்சியாளர் மைக் மாட்டியிருக்கிறார். காட்டுக்குள் மைக்.

அனுப்பியவள் செல்வி, என் சிநேகிதன் குருசாமியின் மகள். ‘மாமா, அப்பா குளிக்கப் போன எடம் இதான?’ என்று கேட்டிருந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் நானும் குருசாமியும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தோம். மிஷின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவனிடம் மணி கேட்பதற்கும் கத்த வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் குரல் இறங்காது. பஸ்ஸில் நாங்கள் சும்மா பேசிக்கொண்டு வந்ததைச் சண்டை என்று நினைத்து கண்டக்டர் விலக்கிவிட வந்திருக்கிறார். மேனேஜர்கள் மட்டும் கண்ணாடி அறைக்குள் மெல்லப் பேசுவார்கள். களைப்பாற கொடைக்கானல் போகிறவர்களும் அவர்கள்தான். என்ன களைப்போ.

குருசாமிக்கு அது விளையாட்டாக இல்லை. அவன் வாயைத் திறந்தாலே செல்வி அழுதுகொண்டு அடுப்படிக்குள் ஓடிவிடும். அப்போது அதற்கு நாலு வயது. “ஏட்டி, இங்க வாட்டி, எங்கண்ணுல்ல” என்று கொஞ்சுவான். தெருமுனை வரை கேட்கும்.

“நீங்க கொஞ்சுததுக்கு ரெண்டு அடி அடிச்சிரலாம்” என்பாள் அவன் மனைவி.

“ஏலே, பெத்த பிள்ள எம்மடியில ஏற மாட்டேங்கு” என்று ஒருநாள் மிஷின் ஓரத்தில் என்னிடம் சொன்னான். அதையும் கத்தித்தான் சொன்னான்.

அவன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வார லீவில் அங்கிருந்து செண்பகத்தோப்புக்குச் சைக்கிள் மிதிப்போம். அழுக்குத் துணி, எண்ணெய், சீயக்காய், புளிச்சோறு, அவ்வளவுதான் எங்கள் வனக் குளியல். பாறையில் உட்கார்ந்து வழக்கம்போல் கத்திப் பேச ஆரம்பிப்போம். அணில்கள் ஓடும், குருவிகள் வாயை மூடும். கொஞ்ச நேரத்தில் எங்கள் சத்தம் எங்களுக்கே அசிங்கமாக இருக்கும். எண்ணெய் தேய்த்து ஓடையில் கிடந்து எழுந்தால், வெயில் சாயும்போது குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்போம். எந்த ஜிப்பாக்காரனும் வந்து சொல்லித்தரவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “செல்வி” என்றான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. வந்து அவன் ஈரத் தலையைத் தொட்டது, மடியில் ஏறிக்கொண்டது. அவன் அசையவே இல்லை. மறுநாள் மில்லுக்குப் போனதும் அவன் குரல் பழையபடி ஆகிவிட்டது. அதன் பிறகு ஒரு வார லீவைக்கூட அவன் விடவில்லை.

மில்லை மூடிவிட்டார்கள். குருசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டான். விளம்பரப் படத்தில் நாங்கள் துணி துவைத்த பாறையைச் சுற்றிக் கம்பி வேலி, அதில் ‘அமைதி காக்கவும்’ என்று போர்டு. செல்விக்குப் போன் போட்டு, இடம் அதுதான், ஆனால் எல்லாம் ஏமாற்று வேலை, போகாதே என்றேன்.

“மனசு லேசாகதுக்குப் போகல மாமா. அப்பாவோட அந்தக் கொரலு வாரத்துல ஒரு நாளுதான கேக்கும். அங்க போனா ஞாபகம் வருமான்னு பாக்கேன்.”

போயிட்டு வாம்மா என்றேன்.

“ஏன் மாமா கத்துதீய?” என்றாள்.

மெல்லத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். முன்பென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஓடையில் கிடந்துவிட்டு வந்திருப்பேன்.