கஜேந்தினி அக்காவுக்குக் கேட்ட பத்து நிமிடம்

உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு கஜேந்தினி அக்காவுடையது. அங்கே போகிறவர்கள் இரண்டு பொருட்களை வெளியில் விட வேண்டும். ஒன்று செருப்பு. மற்றது பென் டிரைவ். மூன்று வருடங்களுக்கு முன் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் இறங்கி, ஒரு கலியாண வீட்டின் படங்களை முழுவதும் தின்றுவிட்டது. கலியாணப் பொம்பிளையின் தாய் வாசலில் நின்று அழுததை அக்கா இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் இந்தச் சட்டம்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது. கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று மற்றவர்கள் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். முன்பு கிளிநொச்சி நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் இதே வேலையைச் செய்தார். காலை ஆறரை பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அதை விட்டுவிட்டு, ஒரு கணினி வாங்கி வீட்டு விறாந்தையில் வைத்தார். கணவர் சிவகரன் அண்ணைக்கு வயல்.

"நான் நெல்லு வெட்டுறன், இவ கலியாணம் வெட்டுறா" என்பார் அண்ணை.

போன மாதம் கணினி மிகவும் களைத்துவிட்டது. ஒரு மணி நேர வீடியோவைச் சேமித்து முடிக்க ஒரு நாள் எடுத்தது. அக்கா வவுனியாவில் ஒருவரிடம் வேகமான புரொசசர் ஒன்றை வாங்கினார். அதை மதர்போர்ட் ஏற்க வேண்டுமென்றால் முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். பயோஸ் என்பது மதர்போர்டுக்குள் இருக்கிற சின்ன மென்பொருள். கணினியைப் போட்டதும் முதலில் விழிப்பது அதுதான். அதைப் புதுப்பிக்கிற நேரத்தில் கரண்ட் போனால் கணினி திரும்ப எழும்பாமலே விடலாம். அப்படி நடந்தால் அக்காவுக்கு மறுபடியும் ஆறரை பஸ்தான்.

எங்கள் ஒழுங்கையில் கரண்ட் விழுவதற்கு இடி மின்னல் தேவையில்லை. நான்கு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் கிணற்று மோட்டரைப் போட்டால் போதும், கணினி அணைந்துவிடும். அக்காவின் யூபிஎஸ் பெட்டியில் பற்றறி செத்து வெகுநாள். அது கத்துவதற்கு மட்டும்தான் உதவும்.

"தண்ணிக்கு முறை வைக்கிறம் தானே, கரண்டுக்கும் ஒருக்கா வைப்பம்" என்றார் சிவகரன் அண்ணை.

வாய்க்கால் தண்ணீரை வயல்காரர்கள் நேரம் பிரித்து, ஒருவர் முடிய மற்றவர் பாய்ச்சுவதுதான் முறை. அண்ணை சைக்கிளில் வீடு வீடாகப் போனார். செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து பத்தரை வரை கஜேந்தினியின் முறை, ஒருவரும் மோட்டர் போட வேண்டாம் என்றார். எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எங்கே வேலை நடந்தாலும் போய் நிற்கிற ஆள். செவ்வாய்க்கிழமையும் போய்விட்டேன். பயோஸ் கோப்பு அக்காவின் பழைய மடிக்கணினியில் இருந்தது. பென் டிரைவ் கூடாது என்பதால், இரண்டையும் நெட்வேர்க் வயரால் இணைத்துத்தான் அதை மாற்ற வேண்டும்.

"வேலியிலை பூந்து போக ஒரு பொட்டு வைக்கிற மாதிரித்தான். ரெண்டு வளவுக்கும் நம்பர் குடுத்தால் அங்காலை இருக்கிறது இஞ்சாலை வரும்" என்றார் அக்கா. நம்பர் அடிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கினேன்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒன்றும் வரவில்லை. வயரைக் கழற்றிப் பூட்டினோம். அப்போதும் வரவில்லை. பத்து இருபதுக்கு அக்கா என் நம்பர்களைப் பார்த்தார்.

"பிள்ளை, ரெண்டுக்கும் ஒரே நம்பரை அடிச்சிருக்கிறாய்."

"ஒரே வீடு தானே எண்டு நினைச்சன் அக்கா."

"ஒரே வீடெண்டால் எனக்கும் இவருக்கும் ஒரே அடையாள அட்டையோ?"

ஒரு நம்பரை மாற்றியதும் கோப்பு சில நொடிகளில் வந்து சேர்ந்தது. அக்கா பயோஸுக்குள் போய்ப் புதுப்பிக்கத் தொடங்கியபோது பத்து இருபத்தாறு. எட்டு வீதம். பதினொரு வீதம்.

"இஞ்சரப்பா, பத்தரைக்கு முடியுமோ?" அண்ணை கேட்டார்.

"முடியாது. நிப்பாட்டவும் ஏலாது."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இது முறை பழகிய ஊர். பத்தரை என்றால் அதற்கு ஒரு நிமிடம் முன்பே எல்லோரும் சுவிச்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாட்களில் ஆளுக்கொரு நேரம் போடுகிற மோட்டர்களை ஒன்றாகப் போடுவதற்கு நாங்களே நேரம் குறித்துக் கொடுத்திருந்தோம்.

அண்ணை ஓடினார், நானும் ஓடினேன். பக்கத்து வளவில் மிளகாய் வைத்திருக்கிற செல்வநாயகம் மாமா மோட்டர் கொட்டிலுக்குள் ஆயத்தமாக நின்றார்.

"மாமா, பயோஸ் இன்னும் எழுதி முடியேல்லை" என்றார் அண்ணை.

"ஆர் என்னத்தை எழுதினால் எனக்கென்ன? உன்ரை முறை முடியுது தம்பி. மிளகாய் வாடுது."

அண்ணை ஒரு கணம் யோசித்தார். "கடைசி வரம்புக்கு இன்னும் தண்ணி போய்ச் சேரேல்லை மாமா. பத்து நிமிசம் தாங்கோ."

மாமா கையை எடுத்தார். "அதை முதலே சொல்ல வேண்டியது தானே."

கடைசி வரம்பு நனைய முன் தண்ணீரை மறிக்கிற ஆள் எங்கள் ஊரில் இல்லை. மாமாவே வேலிக்கு மேலால் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். "இராசேஸ்வரி, கஜேந்தினிக்குக் கடை வரம்பு நனையேல்லையாம். பத்து நிமிசம் பொறு."

செய்தி வேலி வேலியாகப் போனது. "கஜேந்தினி எப்ப வயல் செய்யத் தொடங்கினவ?" என்று நான்காவது வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆனால் அங்கேயும் மோட்டர் போடவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா கதிரையின் விளிம்பில் இருந்தார். தொண்ணூற்றாறு. நூறு. திரை கறுத்தது. கணினி தானாக அணைந்து எழும்பியது, மறுபடியும் அணைந்தது. பிறகு திரையில் வெளிச்சம் வந்தது, மூலையில் பயோஸின் புதிய எண் இருந்தது. அக்கா கணினியை அணைத்து, வயர்களைக் கழற்றிவிட்டுத்தான் எழும்பினார்.

"இனிப் போடச் சொல்லுங்கோ."

ஒழுங்கை முழுக்க மோட்டர்கள் ஒன்றாக இரைந்தன. விறாந்தை பல்ப் சிவந்து மங்கியது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று பின்னேரம், புதிய புரொசசரைப் பூட்டி வேலை தொடங்கிய நேரத்தில் செல்வநாயகம் மாமா வந்தார்.

"என்ன வயல் எண்டு பாக்க வந்தனான்."

அக்கா மாறிய எண்ணைக் காட்டினார்.

"இந்த நம்பர் மாறினதுக்கோ என்ரை மிளகாய் காய்ஞ்சது?"

அக்கா ஊரில் எல்லோரும் போயிருந்த ராஜினியின் கலியாண வீடியோவைப் போட்டார். மாமா கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பார்த்தார். சாப்பாட்டுப் பந்தி வந்ததும் அவருடைய முகம் மாறியது. திரையில் அவர் மூன்றாவது கோப்பைப் பாயாசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்த இடத்தை வெட்டேலாதோ? சீனி வருத்தம் எண்டு மாமி பாயாசத்தைக் கண்ணிலையும் காட்டுறேல்லை."

"பத்து நிமிசம் தந்தனீங்கள் எல்லோ மாமா, வெட்டுறன்."

முன்பென்றால் இப்படி ஒன்றை வெட்டிச் சேமிக்க அடுத்த நாளாகிவிடும். அன்று மாமா சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள், மூன்று கோப்பைப் பாயாசமும் கலியாண வீட்டிலிருந்து இல்லாமல் போயிருந்தன.