மச்சான் ரிஜெக்ட் செய்த படம்

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறார். குழாய்களை வெல்டிங்கில் பற்றவைத்த இடங்களைப் படமெடுத்து அவர் மேசைக்கு அனுப்புவார்கள். பார்த்து பாஸ் போடுவார், இல்லையென்றால் ரிஜெக்ட். ரிஜெக்ட்தான் அதிகம். வீட்டிலும் அதே கதை. அக்கா வைக்கும் மீன் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றுவிட்டுத்தான் ரிஜெக்ட் என்பார்.

இந்த மனிதருக்குச் சர்க்கரை. மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரைக்காரர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை என்றதும், அக்கா என்னையும் துணைக்கு அனுப்பினாள். வரிசை மண்டபத்துக்குள்ளேயே நின்றது. முன்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே எழுத்துப் பலகையை உரக்கப் படித்தார்கள். எங்கள் முறை வருவதற்குள் எனக்கே மனப்பாடம். மச்சான் கடைசி வரியைக் கலிமா ஓதுவதுபோல் கடகடவென்று ஒப்பித்தார்.

அடுத்தது கண்ணுக்குள் படமெடுக்கும் மிஷின். "சொட்டு மருந்து போட்டா படம் தெளிவா வரும் சார். ஆனா கொஞ்ச நேரம் கண்ணு கூசும், வண்டி ஓட்ட முடியாது" என்றார் அங்கிருந்த பெண்.

"வெளிய ஸ்கூட்டர் கீதும்மா. மருந்து கிருந்தெல்லாம் வேணாம்" என்றார் மச்சான்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் வண்டி இருந்தது. அதனால் மீதிப் பேருக்கும் சேர்த்து மருந்தையே விட்டுவிட்டார்கள். மச்சானின் தாளில் கண்ணுக்குள் எடுத்த வட்டப் படமும், கீழே 'நார்மல்' என்றும் அச்சாகி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வழியிலேயே ஜிலேபி வாங்கித் தின்றார்.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "டேய், உன் மச்சான் மீன்ல முள்ளு இருக்கறது தெரியாம முழுங்குறாரு. நேத்து நின்னுகினு இருந்த ஆட்டோ மேல வண்டிய வுட்டாரு. கேட்டா அந்த நார்மல் தாளைக் காட்டி என் வாய அடைக்கிறாரு. எனக்கு பயமா கீதுடா."

தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். செங்கல்பட்டு பஜாரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. தாளின் ஓரத்தில் இருந்த வட்டப் படத்தை மட்டும் பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், நம்ம கூட்டாளி ஒருத்தன் பைப் வேலை எடுத்துக்கீறான். பைப்புக்குள்ள கேமரா வுட்டு எடுத்த படம் இது. பாஸ் பண்ணலாமா?"

டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஆபீஸ் களை வந்துவிட்டது.

"எந்த பேமானிடா எடுத்தான்? பாதி இருட்டு, மீதி மங்கல். உள்ள வெடிப்பு இருந்தாலும் தெரியாது. இதப் பாத்து குறை இல்லன்னு எவனாவது சொன்னா அவன வேலைய வுட்டே தூக்கணும். திருப்பி எடுக்கச் சொல்லு."

"எழுதியே குடுத்துடுங்க மச்சான்."

ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அக்கா எடுத்து வந்த அசல் தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். அதே படம், மேலே அவர் பெயர், கீழே நார்மல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கேடிப் பயலே" என்றார். நார்மல் தாளை மடித்து வைத்துவிட்டு, "காலைல ஆட்டோவுக்குச் சொல்லிடு. ஸ்கூட்டர் வேணாம்" என்றார்.

செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து போட்டு, காத்திருக்க வைத்து, நிதானமாகப் பார்த்தார். "இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. இப்பவே வைத்தியம் ஆரம்பிச்சா காப்பாத்திடலாம். அந்த நார்மலை நம்பி உட்கார்ந்திருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றார். என் கிண்டலெல்லாம் அங்கேயே வற்றிப்போனது. அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "அன்னிக்கு மண்டபத்துல நம்ம பின்னாடி எத்தினி பேரு நின்னாங்க?" என்றார்.

"வாசல் வரைக்கும்."

"அவங்களுக்கும் இப்படித்தான எடுத்துருப்பாங்க? எல்லாரையும் திருப்பிக் கூப்பிடச் சொல்லணும்."

சட்டைப் பையிலிருந்து அந்த நார்மல் தாளை எடுத்தார். கீழே போன் நம்பர் இருந்தது. தாளைக் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றினார். கடைசியில் என்னிடம் நீட்டினார்.

"நீயே போன் போடு மாப்ள. எனக்குத் தெரியல."

'தெரியல' என்ற அந்த வார்த்தையை அதற்குமுன் அவர் யாரிடமும் சொன்னதில்லை.